மீன் வாடை அடிக்கும் முட்டை

நேற்றுக் காலை தோசைக்கல்லில் ஒரு முட்டையை உடைத்து ஊற்றினேன். அடுத்த நொடி சமையலறை முழுக்க மீன் வாடை. என் மனைவி ஓடிவந்து ஜன்னலைத் திறந்தாள், மின்விசிறியைப் போட்டாள், "எங்கேருந்து வாங்கியாந்தீங்க இந்தக் கண்றாவிய?" என்று கேட்டாள். கரண்டியைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றேன். அந்த வாடையின் கதை எனக்குத் தெரியும். உனக்கும் தெரியும். ஒரு ரயில் பெட்டியே சேர்ந்து நம்மைத் திட்டித் தீர்த்த வாடை அது.

அதனால்தான் இதை எழுத உட்கார்ந்தேன். செத்துப்போனவனுக்குக் கடிதம் எழுதுகிற ஆள் நான் இல்லை. நீ உயிரோடு இருந்தபோதே, 'வண்டி லேட்டா?' என்பதற்கு மேல் உனக்கு நான் எதுவும் எழுதியதில்லை. தினமும் முகம் பார்க்கிறவனுக்கு என்னத்தை எழுதுவது? இப்போது சொல்வதற்கு விஷயம் இருக்கிறது, கேட்பதற்கு நீ இல்லை.

நீ செங்கல்பட்டில் ஏறுவாய், நான் பொத்தேரியில். செங்கல்பட்டில் காலியாகக் கிளம்புகிற எலெக்ட்ரிக் டிரெயினில் பொத்தேரி வருவதற்குள் உட்கார இடம் இருக்காது. ஆனால் எனக்கு ஒரு சீட்டு எப்போதும் இருக்கும். உன் பக்கத்தில், உமி நிரப்பிய நீலப் பை ஒன்று ஜம்மென்று உட்கார்ந்திருக்கும். துண்டு போட்டாலும் கர்ச்சீப் போட்டாலும் எடுத்து வீசிவிட்டு உட்காருகிற ஜனம், அந்தப் பையை மட்டும் தொடாது. "முட்டை கீது, பாத்து" என்று நீ ஒரு வார்த்தை சொன்னால் போதும், வந்தவர் பின்வாங்கிவிடுவார். நான் ஏறியதும் பையைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டு அதன் இடத்தில் உட்காருவேன். கூடுவாஞ்சேரியில் கூட்டம் ஏறும், தாம்பரத்தில் எலும்பு நொறுங்கும். என் இரண்டு முழங்கைகளையும் அகட்டிப் பையைச் சுற்றி வேலி போட்டுக்கொள்வேன். "முட்டைக்கு நீதான்டா போலீசு" என்பாய். சீட்டுக்கு நான் கொடுத்த வாடகை அது.

முதல் கோழி உன் வீட்டுக்கு வந்தது குழம்பாவதற்காக. உன் மாமனார் மகளைப் பார்க்க வந்தபோது காலைக் கட்டித் தூக்கி வந்த வெடைக்கோழி, கழுத்தில் இறகே இல்லாத இனம். மறுநாள் ஞாயிற்றுக்கிழமை, மசாலா அரைத்தாகிவிட்டது. போய்ப் பார்த்தால் அது அரிசி மூட்டை மேல் ஏறித் தன் முதல் முட்டையைப் போட்டுவிட்டு உட்கார்ந்திருந்தது. திங்கட்கிழமை வண்டியில் நீ அதைச் சொன்ன விதம் எனக்கு இன்னும் காதில் இருக்கிறது. "போட்டுட்டு நம்ம மூஞ்சியவே பாக்குது மச்சான். எப்டி அறுக்கறது?" அரைத்த மசாலாவில் அன்று உருளைக்கிழங்கு வெந்தது. உன் மாமனார் பாதிச் சாப்பாட்டில் எழுந்துகொண்டதாகவும் சொன்னாய்.

மொட்டைக் கழுத்துக்காரி அடையில் உட்கார்ந்தாள், குஞ்சு பொரித்தாள், குஞ்சுகள் வளர்ந்து அவையும் அடையில் உட்கார்ந்தன. கொல்லை நிறைந்தது. உன் வீட்டுக்காரி கொஞ்ச நாள் பொறுத்துப் பார்த்துவிட்டு, நான் உங்கள் வீட்டில் சாப்பிட்டுக்கொண்டிருந்த ஒரு மதியம், என்னைச் சாட்சி வைத்துச் சொன்னாள். "அண்ணா, நீங்களும் கேட்டுக்கங்க. வூட்டுக் காசுல இனிமே தீனி வாங்கக் கூடாது. அதுங்க சோத்த அதுங்களே சம்பாரிக்கட்டும். இல்லன்னா எல்லாத்தையும் வித்துருவேன்." நீ சோற்றைப் பிசைந்துகொண்டே தலையாட்டினாய். அன்றிலிருந்துதான் முட்டை ரயிலேறியது.

வண்டியில் உனக்கு வாடிக்கை நன்றாகவே அமைந்தது. பல்லாவரத்தில் ஏறுகிற நர்ஸ் அம்மா, எழும்பூரில் இறங்குகிற ஹெட் கிளார்க், கேளம்பாக்கத்தில் ஃபிளாட் வாங்கிப் போய்விட்டு நம்மை விட்டுவிட மனமில்லாமல் ஞாயிற்றுக்கிழமை முட்டைக்கு உன் வீட்டுக்கே வந்த பழைய எதிர்சீட்டுக்காரர். ஆனால் முட்டையில் வருவது தீனிக்கே காணவில்லை. இந்த வரவை அந்தச் செலவோடு ஒட்ட வைக்க நீ பட்ட பாடு இருக்கிறதே! ஆபீஸ் வேலையில் அதில் பாதி மூளையைச் செலவழித்திருந்தால் நீ எப்போதோ ஆபீசராகியிருப்பாய்.

முதலில் பொத்தேரி மெஸ் சோறு. காலேஜ் பசங்கள் மிச்சம் வைக்கிற பிரியாணியும் ஃப்ரைட் ரைஸும் தினமும் சாயங்காலம் கொட்டத்தான் போகிறது என்று கண்டுபிடித்தவன் நான்தான். நீ வாளியோடு இறங்கினாய். ஆபீஸ் சட்டை, பாக்கெட்டில் பேனா, கையில் எச்சில் சோற்று வாளி. உன்னை அடையாளம் தெரிந்த யாரோ முகத்தைத் திருப்பிக்கொண்டதைக்கூட நீ சட்டை செய்யவில்லை. கோழிகள் எண்ணெய்ச் சோற்றைத் தின்று உருண்டு திரண்டு, ஒரு மாதத்தில் முட்டை போடுவதை மறந்தே போயின. "சாப்ட்டுட்டு படுத்துக்குதுங்க மச்சான், ஹாஸ்டல் பசங்க மாதிரி" என்றாய்.

அதற்கப்புறம்தான் மீன். திருக்கழுக்குன்றம் வழியாக உன் ஸ்கூட்டரில் போவோம், நினைவிருக்கிறதா? மாமல்லபுரம் தாண்டிக் கடலோரக் குப்பத்தில் கருவாடு காயப்போடும் அந்த அம்மா, ஆள் தின்ன உதவாத பொடி மீனையும் தலைகளையும் மூட்டை கட்டிச் சும்மாவே கொடுத்தாள். "எடுத்துக்கினு போ அண்ணாத்த, இங்க காக்காதான் துண்ணுது." திரும்பி வரும் வழியெல்லாம் பின்னால் உட்கார்ந்திருந்த என் மடியில்தான் அந்த மூட்டை. முட்டைக்குப் போலீஸ், மீனுக்குக் கூலி.

கோழிகள் அள்ளிப் போட்டன. நீலப் பை கொள்ளாமல் இன்னொரு பை வந்தது. உன் முகத்தில் அப்படியொரு களையை அதற்கு முன்னும் நான் பார்க்கவில்லை, பின்னும் பார்க்கவில்லை. "வரவும் செலவும் கை சேந்துருச்சு மச்சான், அதுங்க சோத்த அதுங்களே துண்ணுதுங்க" என்று வண்டலூர் வரைக்கும் அதையே சொல்லிக்கொண்டு வந்தாய். அந்த வாரமே ஹெட் கிளார்க் ஏறினார். சுத்த சைவம் அவர், டாக்டர் சொன்னதால் முட்டை மட்டும், அதற்கும் வீட்டில் தனிப் பாத்திரம், தனி அடுப்பு. ஏறியதும் ஏறாததுமாக, "ஏன் சார், நான் முட்டை கேட்டேனா, வஞ்சிரம் கேட்டேனா?" என்று கத்தினார். அவர் மனைவி பாத்திரத்தோடு தூக்கித் தெருவில் வீசிவிட்டாளாம். பெட்டியே சிரித்தது. பிறகு ஒவ்வொருவராகத் தங்கள் வீட்டிலும் அப்படித்தான் என்று ஆரம்பித்தார்கள், சிரிப்பு போய்த் திட்டு வந்தது. மீனைத் தின்றால் முட்டை மணக்கும் என்று நம் இரண்டு பேருக்குமே தோன்றவில்லை. கடலுக்குப் பக்கத்திலேயே பிறந்து வளர்ந்த மூக்கு நமக்கு, நாம் தின்று பார்த்தபோது ஒன்றும் தெரியவில்லை. எல்லோருக்கும் மாற்று முட்டை கொடுப்பதற்குள் உனக்குப் பேஜாராகிவிட்டது.

ஆனாலும் மீன் ஒன்றும் உன்னைத் தோற்கடிக்கவில்லை. வரவு எங்கே உதைத்தது என்று நமக்குத் தெரியும். கோழியைக் கட்டுப்படியாக வளர்க்கிற எவனும் சேவலை விற்பான், முட்டை நின்றுபோன கிழக்கோழியை விற்பான். நீ ஒரே ஒரு தரம் போனாய். பெரிய சேவலைப் பையில் போட்டுத் தலை மட்டும் வெளியே தெரிய மார்க்கெட் கடைக்கு எடுத்துப் போய், அரை மணியில் அதே பையோடு திரும்பி வந்தாய். "தராசுல வெச்சான். அது கடைக்காரனப் பாக்கல, என்னிய பாக்குது." அதோடு விட்டாயா? அதே கடையில் ஞாயிற்றுக்கிழமைக் குழம்புக்கு பிராய்லரும் வாங்கி வந்திருந்தாய். நான் கேட்டதற்கு, "கடைக்கோழி வேற, வூட்டுக்கோழி வேற" என்று பெரிய சட்டம் பேசினாய். உன் கொல்லையில் பாதிக் கோழிகள் வேலையிலிருந்து ஓய்வு பெற்றுப் பென்ஷனில் இருந்தன. "இன்னா, கவருமெண்டு ஆபீசா நடத்தறீங்க?" என்று உன் வீட்டுக்காரி கேட்டாள். விற்றுவிடுவேன் என்று அவளும் வருஷக்கணக்கில் சொல்லிக்கொண்டேதான் இருந்தாள்.

போன வைகாசியில் ஒரு வியாழக்கிழமை பொத்தேரியில் ஏறினேன். நம் சீட்டில் யாரோ ஒருவர் உட்கார்ந்து செல்போனில் படம் பார்த்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் இன்னொருவர். பை இல்லை. லீவு போட்டிருப்பாய், சொல்லவில்லையே என்று கோபத்தோடுதான் நின்றுகொண்டு போனேன். மீனம்பாக்கம் தாண்டும்போது போன் வந்தது. காலையில் கோழிகளுக்குத் தண்ணீர் வைக்கக் குனிந்தவன் எழுந்திருக்கவில்லை என்றார்கள். நான் எந்த ஸ்டேஷனில் இறங்கினேன், எதில் திரும்பினேன் என்று இன்றுவரை நினைவில்லை. வந்து பார்த்தபோது உன்னை ஹாலில் கிடத்தியிருந்தார்கள். கொல்லையில் கோழிகள் பசியில் கத்திக்கொண்டிருந்தன. அத்தனை அழுகைக்கும் நடுவில் உன் வீட்டுக்காரி எழுந்து போய் அவற்றுக்குக் கம்பு இறைத்துவிட்டு வந்து, மறுபடி உன் தலைமாட்டில் உட்கார்ந்து அழுதாள்.

பதினாறாம் நாள் காரியம் முடிந்ததும் உன் வீட்டுக்காரியைத் தன்னோடு ஓசூருக்குக் கூட்டிப்போக உன் மகள் முடிவு செய்துவிட்டாள். மகள் பிள்ளைத்தாச்சி, அம்மா துணை வேண்டும். வீட்டுக்கு வாடகைக்கு ஆள் பார்த்தார்கள். வந்தவர்கள் கொல்லையைச் சுத்தம் செய்து கொடுத்தால்தான் வருவோம் என்றார்கள். அன்று உன் வீட்டுக்காரி என்னைக் கூப்பிட்டனுப்பினாள். கொல்லைக் கதவைப் பிடித்துக்கொண்டு நின்று சொன்னாள். "அண்ணா, அதுங்கள கறிக்கு மட்டும் குடுத்துடாதீங்க. அவரு கையால துண்ணதுங்க. யாருனா வளக்கறவங்களா பாத்து குடுங்க. ஒங்களத்தான் நம்பிகினு கீறேன்." விற்றுவிடுவேன் என்று சொன்ன அதே வாய். நான் சரி என்றேன். வேறு என்ன சொல்ல முடியும்?

சரி என்று சொல்லிவிட்டு வெளியே வந்த பிறகுதான் எனக்கு விளங்கியது. நான் இருப்பது மூன்றாவது மாடி ஃபிளாட். பால்கனியில் துளசிச் செடிக்கே இடமில்லை. நான் கேட்காத ஆளில்லை. மாட்டுக்குக் கோசாலை இருக்கிறது. நாய்க்கும் பூனைக்கும் ஆட்கள் இருக்கிறார்கள், போன் செய்தால் வண்டியோடு வருகிறார்கள். கோழிக்கு யாருமே இல்லை. 'அறுக்காமல் வளர்க்க முடியுமா?' என்று கேட்டால் முகத்தைப் பார்த்துச் சிரிக்கிறார்கள். கடற்கரைச் சாலையில் தோட்டவீடு நடத்துகிறவர் ஒருவர் எல்லாவற்றையும் எடுத்துக்கொள்வதாகச் சொன்னார். சந்தோஷப்பட்டேன். வருகிற விருந்தாளிகளுக்கு நாட்டுக்கோழிச் சாப்பாடு போடத்தான் என்று பிறகு சொன்னார். கேளம்பாக்கத்துப் பழைய எதிர்சீட்டுக்காரர், பிள்ளைகள் ஆசைப்படுவதாக ஒரு ஜோடியைக் கொண்டுபோனார், மறுவாரமே திருப்பிக் கொண்டுவந்தார். சேவல் கூவுகிறதென்று ஃபிளாட் குரூப்பில் சண்டையாம். அதற்குள் ஆடி நெருங்கிக்கொண்டிருந்தது. தெருவுக்குத் தெரு கூழ் ஊற்றப் பந்தல்கால் நட்டுவிட்டார்கள். என்னைத் தேடி வந்தவர்கள் எல்லோரும் நாட்டுக்கோழி என்ன விலை என்று மட்டும்தான் கேட்டார்கள்.

கடைசியில் எனக்குத் தெரிந்த ஒரே இடத்துக்குப் போனேன். கருவாட்டு அம்மா உன் சாவைக் கேட்டுத் தலையில் அடித்துக்கொண்டாள். "குடு சார், வளக்கறேன்" என்றாள். அறுக்கமாட்டாயே என்று கேட்டேன். அவள் என்னை ஒரு தரம் பார்த்தாள். அழுகிற குழந்தைக்குச் சொல்வது போல, "சரி, அறுக்கல போ" என்றாள். அதை நம்பலாமா கூடாதா என்று யோசிக்கிற இடத்தில் நான் இல்லை. மறுநாள் வாடகைக்காரர் லாரி வருகிறது. ஷேர் ஆட்டோ ஒன்றை முழுசாகப் பேசி, கூடைகளில் அடைத்து ஏற்றினோம். உன் வீட்டுக்காரி கூடைக்குள் விரலை விட்டு மொட்டைக் கழுத்தைத் தடவிக்கொண்டே நின்றாள். ஆட்டோக்காரர் ஹாரன் அடித்த பிறகுதான் விரலை எடுத்தாள்.

அதற்கப்புறம் நான் அந்தப் பக்கம் போகவில்லை. போய்ப் பார்க்காதவரை எல்லாம் அங்கே மேய்ந்துகொண்டிருக்கும் என்று இருந்துவிடலாம். உன் வீட்டுக்காரி ஓசூரிலிருந்து போன் செய்து, பேரன் பிறந்ததைச் சொல்லி, பால் குடிப்பதைச் சொல்லி, கடைசியில் கேட்பாள், "போய்ப் பாத்தீங்களாண்ணா?" அடுத்த வாரம் போகிறேன் என்பேன். எத்தனை அடுத்த வாரம்தான் சொல்வது? போன ஞாயிற்றுக்கிழமை போனேன்.

கருவாட்டு அம்மா எதையும் மறைக்கவில்லை. மறைக்க அவளுக்குக் காரணமும் இல்லை. "வா சார், குந்து" என்று டீ வாங்கிக் கொடுத்தாள். "கூழு ஊத்தறச்ச ரெண்டு அறுத்தோம். மருமவன் வந்தான், அந்தப் பெரிய சேவல. கடலுக்குப் போற போட்டு ரிப்பேரு, கையில சல்லி இல்ல, வித்துட்டேன் மிச்சத்த. அப்புறம் கோயி வளத்து இன்னா சார் பண்ணுவாங்க?" கேள்வியாகத்தான் கேட்டாள், குத்தலாக இல்லை. கோபப்படலாம் என்று பார்த்தேன், வரவில்லை. யார் மேல் வரும்? உன் கோழிகள் அவளிடம் ஒரு பைசா செலவு வைக்கவில்லை. கரையில் கிடப்பதைத் தின்று, அவள் வீட்டுக்கு ஆகவேண்டிய நேரத்தில் ஆகிவிட்டன. இத்தனை வருஷம் நீ வாளியும் மூட்டையும் தூக்கியும் நடக்காதது, அவளிடம் ஒரே ஆடியில் நடந்துவிட்டது. கை சேர்ந்துவிட்டது மச்சான்.

எழுந்திருக்கும்போது அவளே கூப்பிட்டாள். "ஒண்ணு கீது, வந்து பாரு." பின்பக்கம், கிழிந்த வலைக் குவியலுக்கு நடுவே மொட்டைக் கழுத்துக்காரி அடையில் உட்கார்ந்திருந்தாள். என்னைப் பார்த்துக் கழுத்தைச் சிலிர்த்தாள், கொத்த வந்தாள். "அத்தயும் புடிக்கத்தான் போனேன். முட்டை மேல குந்திகினு மூஞ்சியப் பாக்குது. வுட்டுட்டேன்" என்றாள் அவள். உன் வாயிலிருந்து வந்த வார்த்தையை அவள் வாயில் கேட்டதும் என்னால் அங்கே நிற்க முடியவில்லை. அடை வைத்தது போக மிச்சமிருந்த முட்டைகளைக் காகிதத்தில் சுற்றிக் கொடுத்தாள், காசு வேண்டாம் என்றாள். நேற்று நான் உடைத்தது அதில் ஒன்று.

நேற்றுச் சாயங்காலம் உன் வீட்டுக்காரி கூப்பிட்டாள். போனேன் என்றேன். "எப்டி கீதுங்க?" என்றாள். மொட்டைக் கழுத்து அடையில் இருக்கிறது என்றேன். முட்டை கொடுத்தார்கள், உடைத்தால் வீடு முழுக்க வஞ்சிரம் என்றேன். சிரித்தாள். நீ போனபிறகு அவள் சிரித்து நான் கேட்டது அதுதான் முதல் தடவை. ஹெட் கிளார்க் கதையை அவளே மறுபடி சொல்லிச் சிரித்தாள். சிரித்து முடித்து, "மத்ததெல்லாம்?" என்றாள்.

பொய் சொல்லலாம் என்றுதான் வாயைத் திறந்தேன். அங்கே குழந்தை அழுகிற சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. பிறகு அவளே சொன்னாள். "வுடுங்கண்ணா. நடுவுல ஒரு ஆடி மாசம் போயிருக்கே, எனக்குத் தெரியாதா." குரலை இறக்கி, நீ பக்கத்து அறையில் தூங்குவது போல, "அவருக்கு மட்டும் தெரிய வாணாம்" என்றாள்.

சரி என்றேன். அவள் என்னிடம் கேட்ட இரண்டாவது விஷயம் அது. முதலாவதைத்தான் காப்பாற்ற முடியவில்லை, இதையாவது காப்பாற்றலாம் என்றுதான் நினைத்தேன். ராத்திரி முழுக்கப் புரண்டுவிட்டு, இதோ, விடிந்ததும் உன்னிடமே எல்லாவற்றையும் கொட்டிக்கொண்டிருக்கிறேன். உன்னிடம் சொல்லாமல் நான் யாரிடம் போய்ச் சொல்வேன், சொல்லு.

அந்த முட்டையை நான் எறியவில்லை. என் மனைவி மூக்கைப் பொத்திக்கொண்டு பார்க்கப் பார்க்க முழுசாகத் தின்றேன். வாடை அடித்தது. இத்தனை நாள் எனக்குத் தெரியாத வாடை இப்போது தெரிகிறது.

இப்போதெல்லாம் பொத்தேரியிலிருந்து நின்றுகொண்டுதான் போகிறேன். எப்போதாவது யாராவது எழுந்து இடம் கிடைத்தால் உட்காருவேன். தாம்பரத்தில் கூட்டம் மேலே சாயும்போது என் முழங்கைகள் தாமாக அகன்றுகொள்கின்றன. நேற்று வண்டியில் பக்கத்தில் இருந்த பையன், "சார், கைய கொஞ்சம் உள்ள வெச்சுக்கறீங்களா? மடியிலதான் ஒண்ணும் இல்லியே" என்றான். உள்ளே இழுத்துக்கொண்டேன். அடுத்த ஸ்டேஷன் சானடோரியம் வருவதற்குள் அவை மறுபடி அகன்றுவிட்டன.